யார் மேல தப்பு?

“மாட்டிக்கிச்சு பிரியானா! அந்தம்மா புளுகுது!”

வெண்டல் துள்ளிய துள்ளலில் மேஜையே ஆடியது. இருபது வருஷமாகப் பழைய கார் விற்றவர். அதனால் யார் வாயைத் திறந்தாலும் அவருக்குப் பொய்தான் கேட்கும். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் இந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸில், வேலையில் அடிபட்டவர்களின் நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கப் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம் வேறு.

“எந்தம்மா?” என்றாள் பிரியானா. வயதில் மகள் மாதிரி. பதவியில் மேலதிகாரி.

“டார்லீன். கிடங்குல கால் எலும்பு நொறுங்கினவங்க. தானே கவனிக்காம, சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குப் பின்னாடி போய் நின்னாங்களாம். வண்டி ஓட்டின ஏர்ல் என்னடான்னா, ‘நான்தான் திரும்பிப் பாக்காம ரிவர்ஸ் எடுத்தேன்’கிறாரு. அதைச் சொன்னதும் அந்தம்மா ஃபோனை வெச்சிருச்சு. ரெண்டு பேரும் கூட்டு!”

“கூட்டுன்னா ஒரே கதையைத்தானே சொல்லுவாங்க?”

வெண்டல் விடவில்லை. “சரி, யாரோ ஒருத்தர் பொய். பணத்தை நிறுத்திரலாம்ல?”

“அங்க வேலை பாக்குறவங்களா, வேலை நேரமா, வேலையால அடிபட்டுச்சா. இந்த மூணைத்தானே கேக்கச் சொன்னேன்? யார் மேல தப்புன்னு சட்டமே கேக்கல. நீங்க ஏன் கேட்டீங்க?”

வெண்டலின் முகம் தொங்கிப்போனது. வகுப்பில் இதற்குத்தான் பலமாகத் தலையாட்டியிருந்தார்.

மறுபடி ஃபோன் போட்டார். டார்லீன் உடனே எடுத்தாள்.

“சார், ஏர்லை விட்டுருங்க சார்!” கெஞ்சினாள். “ஏற்கெனவே ஒரு தடவை அவரை எச்சரிச்சிருக்காங்க. வேலை போச்சுன்னா அவர் சம்சாரத்துக்கு டயாலிசிஸ் நின்னுடும். கம்பெனி குடுக்கற மருத்துவ இன்ஷூரன்ஸ்லதான் அது நடக்குது. தப்பு என்னுதுன்னே எழுதிக்குங்க.”

“மேடம், தப்பு யாரோடதுன்னு நாங்க எழுதவே போறதில்ல. யாரோடதா இருந்தாலும் உங்க ஆஸ்பத்திரிச் செலவு வந்துரும். வேலைக்குத் திரும்பறவரைக்கும் சம்பளத்துல பெரும்பகுதியும் வரும்.”

டார்லீன் உடைந்து அழுதாள்.

“வருமா சார்? தப்பு என்னுதுன்னு சொன்னா ஒத்த டாலர்கூட வராதுன்னு நெனச்சுல்ல சொன்னேன்!”