ரெனாத்தோ வைத்த விருந்து

மாவைப் பலகையில் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் மூன்று முட்டையை உடைத்து ஊற்றச் சொன்னார்கள்.

ஜோதிமணி வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு பிசைய ஆரம்பித்தாள். பக்கத்துப் பலகையில் மாதேஷின் முட்டை குழியை உடைத்துக்கொண்டு மேசை ஓரம் வரைக்கும் ஓடியது.

சும்மா சொல்லக் கூடாது. கெலமங்கலத்தில் எட்டுப் பேர் குடும்பத்துக்குக் கேழ்வரகுக் களி கிண்டி உருட்டிய கை அது. இத்தாலி மாவெல்லாம் அதற்கு எம்மாத்திரம்?

பாஸ்தா வகுப்பு நடத்திய அம்மாள் அவள் மாவை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு வகுப்பில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

மாதேஷுக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், அக்கா இந்த வகுப்புக்கு வந்ததுதான்.

இருவருக்கும் ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரே கம்பெனியில் வேலை; வயதில் மூத்தவள் என்பதால் அவனுக்கு அவள் அக்கா. அவன் பர்ச்சேஸ், அவள் குவாலிட்டி. கம்பெனி வாங்கப்போகும் கிரைண்டிங் மெஷினை ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, கப்பலேற்றிவிட்டு வரத்தான் இத்தாலிக்கு வந்திருந்தார்கள்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்ததில் ஐம்பது பீஸில் நாலு பீஸ் அளவு தாண்டிவிட்டது. மெஷின் சூடேறினால் பிசகுகிறது. அந்த நாலும் நாளைக்கு யாரோ நாலு பேருடைய வண்டியில் பிரேக்காகப் போய் உட்காரும்.

மெஷின் கம்பெனி மேனேஜர் ரெனாத்தோ, இதெல்லாம் ஒரு விஷயமா, ஓசூருக்கே ஆள் அனுப்பிச் சரி பண்ணித் தருகிறோம் என்றார். ஓசூரிலிருந்து எம்.டி. போனில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். கையெழுத்து இல்லாமல் திரும்பினால் ஜோதிமணி குவாலிட்டி மேனேஜர் நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த நாற்காலிக்கு அவள் ஆறு வருஷமாகக் காத்திருக்கிறாள். ஆசை இல்லாமல் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரெனாத்தோ இந்த விருந்தை ஏற்பாடு செய்தார். நாமே செய்து, செய்ததை நாமே சாப்பிடுவது. அவரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

இது என்ன புது வித்தையா? சிப்காட்டில் எந்தப் பட்டறைக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனாலும் முதலில் பஜ்ஜி வரும், அப்புறம் பிரியாணி வரும், அப்புறம்தான் பேப்பர் வரும். ஜோதிமணியிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. வேலை முடிகிறவரைக்கும் அங்கே பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் இன்றைக்குக் கூப்பிட்டதும் கிளம்பி வந்துவிட்டாள். மாதேஷுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அக்கா இளகிவிட்டாள். இனி கையெழுத்து, செவ்வாய்க்கிழமை கப்பல், நேராக ஊர்.

மாவைத் துணி மாதிரி மெல்லிசாகத் தேய்த்தார்கள். ஜோதிமணி தன்னுடையதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கையில் மைக்ரோமீட்டர் இருந்திருந்தால் அதையும் வைத்துப் பார்த்திருப்பாள்.

அப்புறம் சதுரமாக வெட்டி, நடுவில் பாலாடைக்கட்டிப் பூரணம் வைத்து, மடித்து, விரலைச் சுற்றி முனையை ஒட்ட வேண்டும்.

எப்போது எடுத்தாளோ தெரியாது, அவள் இடது பக்கம் ஒரு காலித் தட்டு வந்து உட்கார்ந்திருந்தது. கோணலானது, வாய் பிளந்தது எல்லாம் அதில் போய் விழுந்தது. மாதேஷ் செய்ததில் ஏழு. ரெனாத்தோ செய்ததில் மூன்று. கடைசியில் வகுப்பு எடுத்த அம்மாள் செய்ததிலும் ஒன்று.

"அக்கா, இங்கயுமா ரிஜெக்ட்டு!" மாதேஷ் மாவுக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த அம்மாள் தான் செய்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரம் ஒட்டாமல்தான் இருந்தது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுபடி அழுத்தி ஒட்டினாள். ரெனாத்தோவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

எல்லாம் வெந்து, வெண்ணெயில் புரண்டு மேசைக்கு வந்தது. ஜோதிமணி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டு நிறைய வாங்கிக்கொண்டாள். காரம் இல்லை, புளிப்பு இல்லை, ஆனாலும் அருமையாக இருந்தது. ரசித்து ரசித்துச் சாப்பிட்டாள்.

ரெனாத்தோவுக்கு வாயெல்லாம் பல். இதுதான் சமயம் என்று பையைத் திறந்து, மெஷினை ஏற்றுக்கொள்ளும் பேப்பரை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்மேல் பேனாவை வைத்தார்.

மாதேஷ் மெல்லுவதை நிறுத்தினான்.

ஜோதிமணி வாயைத் துடைத்துக்கொண்டு, தன் ஓசூர் இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னாள். ரிப்போர்ட்டைக் காலை ஆறு மணிக்கே மெயிலில் அனுப்பியாகிவிட்டது. உங்களுக்கும், எங்கள் எம்.டி.க்கும். அதை அனுப்பிய பிறகுதான் உங்கள் காரில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மெயில் பார்க்காத மனிதர் போனை எடுத்துப் பார்த்தார். நாலு பீஸின் அளவும் வரிசையாக இருந்தது. கீழே ரிஜெக்ட் என்று இருந்தது. அவர் முகம் செத்துப்போனது.

மாதேஷ் அவசரமாகத் தன் போனை எடுத்தான். எம்.டி.யிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

"ஐயோ, என்னாக்கா சொல்லுவாரு?"

"திட்டுவாரு." ஜோதிமணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். "நீ சாப்பிடு, ஆறிப்போவுது."