ஆர்வில்லின் மூக்கு

நெப்ராஸ்காவில் உள்ள எங்கள் கடைக்கு இறைச்சி ஏற்றி வந்த லாரியில் குளிர்சாதனம் வழியிலேயே பழுதாகியிருந்தது. நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாத வெப்பமானி அறுபதைக் காட்டியது. சரக்கைச் சரிபார்த்து வாங்கும் பொறுப்பு என்னுடையது.

"மன்னிக்கணும், இதை நாம எறக்க வேண்டாங்க" என்றேன்.

"மீட்டர்தான் கெட்டுப்போச்சு பெருசு! கறியைப் பாரு, ரோஜாப்பூவாட்டம் இருக்கு" என்றார் ஓட்டுநர் டுவேன்.

உறைக்குள் நிரப்பிய வாயு கெட்ட இறைச்சியையும் சிவப்பாகவே காட்டும் என்று பணிவுடன் விளக்கினேன். மேலாளர் லைல் கையமர்த்தினார்.

"மீட்டரும் வேணாம், வாயுவும் வேணாம். மோந்து பாத்துச் சொல்லு ஆர்வில். இருபது வருஷமா உன் மூக்கு தப்பாச் சொன்னதே இல்ல."

ஓர் உறையைக் கிழித்து, குனிந்து, முகம் சுளித்தேன். "குடலைப் பொரட்டுதுங்க."

லைலும் முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே! அதுக்குத்தான்யா நீ வேணும். டுவேன், வண்டியத் திருப்பு. ஆர்வில், இனிமே நம்ம ஆறு கடைச் சரக்கையும் நீயே மோந்து பாத்து அனுப்பு. மீட்டரை யாரும் பாக்க வேணாம்."

சென்ற குளிர்காலக் காய்ச்சலில் இழந்த மோப்பம் எனக்கு இன்றுவரை திரும்பவில்லை. வேலை போய்விடுமே என்று எவரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொன்னால், வாசலில் நிற்கும் இறைச்சி கடைக்குள் வந்துவிடும். சொல்லாவிட்டால், நாளை வரும் கெட்ட சரக்கைத் தடுக்க எவருமில்லை.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.