செவ்வரிக் கல்

அரிசோனாப் பாலைவனத்தின் மாலை வெயில் வண்டிவீடுகளின் தகரப் பக்கங்களில் சிவந்து கிடக்கிறது. ஓய்வு பெற்றபின் குளிர்காலம்தோறும் இங்கே வந்து கல் பொறுக்கும் வெண்டல், தன் வண்டியின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வறண்ட ஓடைக்குள்ளிருந்து நொண்டியபடி ஏறி வருகிறார் பக்கத்து வண்டி ஹார்லன். முழங்காலெல்லாம் புழுதி, புறங்கையில் முள் கீறல்கள். "மூணு நாளா நீ சொன்ன இடத்தையே சல்லடை போட்டுச் சலிச்சுட்டேன். உன்னோடது மாதிரி செவ்வரி ஓடின கல்லு ஒண்ணுகூடக் கண்ணுல படல. உனக்கு மட்டும் எப்படிய்யா கெடச்சுது?" சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு மங்கிய கல்லை எடுத்து நீட்டுகிறார். "இது ஒண்ணுதான் கெடச்சுது. நீயே வச்சுக்க. உன் கையில நல்லா மெருகேறும்." மேசைமேல் வெண்டலின் செவ்வரிக் கல் பளபளக்கிறது. நெடுஞ்சாலைக் கடையொன்றில் வாங்கியது. முகாமே சூழ்ந்து நின்று வியந்தபோது, அந்தப் பெருமைக்கு ஆசைப்பட்டு ஓடையில் கண்டெடுத்ததாகச் சொல்லிவிட்டார். இப்போது காது மடல்கள் சுடுகின்றன. "ஹார்லன்... அது கடையில வாங்கினதுப்பா." ஹார்லனின் சிரிப்பு சற்று நேரம் முகத்திலேயே நிற்கிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. "மொத நாள் கெளம்பும்போதே சொல்லியிருக்கலாமே" என்கிறார், கோபமே இல்லாமல். நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை. வெண்டல் அந்தக் கல்லை வாங்கிக்கொள்கிறார், அவர் முகத்தைப் பார்க்காமல்.