பதில் சொல்லாத வீடு

“அண்ணே, கொஞ்சம் சீக்கிரம். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது” என்றான் அந்த அப்பா, கார் கதவில் ஒரு கையை ஊன்றியபடி.

சாவிக்காரர் கருவிப் பையைப் படியில் வைத்துவிட்டுக் காருக்குள் எட்டிப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளக்கிற மூன்று மணிக்கு, பின் சீட்டில் ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று போர்வையைச் சுற்றிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மனசு இளகிவிட்டது.

ஆனால் மனசு இளகினால் பூட்டைத் திறந்துவிடுகிற ஆள் இல்லை அவர். வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் அடுத்தவர் கதவில் கை வைப்பதில்லை என்று இருபத்திரண்டு வருஷ வைராக்கியம். மச்சினன் வீட்டுப் பீரோவுக்கே மச்சினனைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுத்தான் கை வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?”

“அவங்க வாயைத் திறந்தாத்தானே! லீவுக்கு மூணு நாள் தங்கறதுக்கு புக் பண்ணியிருக்கோம். இதோ, உறுதின்னு போட்டிருக்கு பாருங்க.” போனை நீட்டினான். படத்தில் அதே பச்சைக் கதவு, அதே கம்பி போட்ட ஜன்னல். “ஒரு ரூம்தான் நமக்கு. அவங்களும் இங்கேயே இருப்பாங்களாம், தனி ஆள். நேத்து வரைக்கும் மெசேஜ் போட்டா டக்குடக்குனு பதில் வந்துச்சு. காலையில வழி கேக்கலாம்னு கூப்பிட்டேன். நான் ஹலோன்னதுதான் தாமதம், கட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் நாப்பது தடவை அடிச்சிட்டேன், எடுக்கவே இல்ல.”

“புக்கிங் கம்பெனியில கேட்டீங்களா?”

“நாளைக்குச் சொல்றோம்கிறாங்க. அதுவரைக்கும் பிள்ளையை ரோட்டுலயா வெச்சிருக்கிறது?”

நியாயமான கேள்விதான். சாவிக்காரர் அந்த எண்ணைத் தன் போனில் அடித்துப் பார்த்தார். வீட்டுக்குள்ளே, கதவுக்கு வெகு பக்கத்தில், ஒரு போன் தரையில் கிடந்து உறுமுகிற சத்தம் கேட்டது. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

“போன் உள்ளேதான் இருக்கு” என்றார்.

அந்த அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டான். “தனி ஆளுண்ணே. விழுந்து கிழுந்து கிடந்தா?”

அந்தக் கேள்வி சாவிக்காரரைச் சரியான இடத்தில் குத்தியது. போன வருஷம் ஒரு வாத்தியார் வீட்டு வாசலில், வெளியூரில் இருந்த மகன் சொல்லட்டும் என்று பகல் முழுக்கக் காத்திருந்தார். கதவு திறந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. ஒரு மணி நேரம் முன்னாடி திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னது இன்னும் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

“போலீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமா?”

“சொல்லியாச்சுண்ணே, வந்துக்கிட்டே இருக்காங்க. அதுக்குள்ள உள்ள உசிரு போயிட்டா?”

வைராக்கியம் அங்கேதான் உடைந்தது. சாவிக்காரர் காருக்குள் குனிந்து, “பாப்பா, ரெண்டே நிமிஷம். மாமா கதவைத் திறந்துடறேன், உள்ள போய்ப் படுத்துக்கலாம்” என்றார். பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டியது.

“காய்ச்சல்ல என்ன பண்றோம்னு அதுக்கே தெரியல” என்ற அப்பா, காற்றுக்கு இரண்டு விரல் இடம் விட்டுக் கண்ணாடியை ஏற்றினான். காரையும் பூட்டினான்.

கதவுப் பூட்டு ஐந்து நிமிஷத்தில் வழிக்கு வந்தது. கதவுதான் வரவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“பின்னாடி வேற வாசல் இருக்குமாண்ணே?”

“இந்த வரிசை வீடுங்களுக்கு ஏது? அந்தப் பக்கம் மதில்தான்.”

“அப்ப சரி” என்றான் அவன்.

எது சரி என்று கேட்க சாவிக்காரருக்கு நேரம் இல்லை. மெல்லிய தகடு ஒன்றைக் கதவிடுக்கில் நுழைத்துத் தாழ்ப்பாளை நெம்பினார். அரை அங்குலம் நகர்ந்தது. பிறகு தானாகவே திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி நெம்பினார். மறுபடியும் அதே கதை. பழைய தாழ்ப்பாள்களுக்கு இந்தக் குணம் உண்டு, வழுக்கிக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பார்க்காததா?

“இருடி, உன் திமிரை அடக்கறேன்” என்று தாழ்ப்பாளைத் திட்டிக்கொண்டே இரண்டாவது தகட்டையும் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளினார்.

கதவு திறந்தது. நாலடி தள்ளி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

விழுந்து கிடக்கவில்லை. சாவிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்பாடா! நல்லாத்தான் இருக்கீங்களா? நாங்க என்னென்னமோ நினைச்சுட்டோம்” என்று சிரித்தார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறவனையே பார்த்தாள்.

அதுவரை வாயே திறக்காத பிள்ளை, கார்க் கண்ணாடி இடுக்கில் வாயை வைத்துக் கத்தியது.

“அம்மா, ஓடிடு!”