மரத்தடியில் இருபது நிமிடம்

“ஆறரைக்கு என் பொண்ண ஏத்துற. ஸ்கூல் அஞ்சு கிலோமீட்டர். பெல் அடிக்கிற நேரத்துக்குத்தான் கொண்டுபோய் விடுற. நடுவுல எங்கப்பா ஊர் சுத்துற?”

வேன் டிரைவர் தலையைச் சொறிந்தார். “பதினாலு பிள்ளைங்க சார். எல்லாரையும் ஏத்திக்கிட்டு வரணும்ல.”

அப்பாவுக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. ஒழுங்கு என்றால் அவருக்கு ஒழுங்கு. நாலாம் வகுப்பு மகள் டியூஷன் முடிந்து படுக்கப் பத்தரை ஆகும். ஆனாலும் நாலரைக்கே எழுப்பிப் படிக்க உட்கார வைத்துவிடுவார். வகுப்பில் அவள்தான் முதல். ஓட்டப் பந்தயத்திலும் அவளை முந்த ஆளில்லை.

“எல்லாம் விடியக்கால எழுந்திரிக்கிற பழக்கம்” என்று ஆபீஸில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று.

மறுநாள் பைக்கில் வேனைத் தொடர்ந்தார்.

கடைசிப் பிள்ளையை ஏற்றியதும் வேன் ஒரு மரத்தடியில் ஒதுங்கியது. ஜன்னல் திரைகளை இழுத்து விட்டுவிட்டு டிரைவர் இறங்கி, சாவகாசமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹாரன் அடித்த லாரிக்காரனோடு சண்டை வேறு.

முழுசாக இருபது நிமிடம். அப்பா போனில் படம் பிடித்துக்கொண்டார்.

படத்தைப் பார்த்த பள்ளி மேனேஜர் அன்று மாலையே டிரைவரைக் கூப்பிட்டார். “என்னப்பா இது?”

“பிள்ளைங்களுக்காகத்தான் சார்...”

“பிள்ளைங்க பேரைச் சொல்லித் தப்பிக்கப் பாக்காத” என்றார் அப்பா.

டிரைவர் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புது டிரைவர் எங்கும் நிற்கவில்லை. பெல்லுக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வேன் பள்ளி வாசலில் இருந்தது. அப்பாவுக்குப் பரம திருப்தி.

இரண்டு மாதம் கழித்து வகுப்பு டீச்சர் அவரை வரச்சொன்னார்.

“கணக்குல நாப்பத்திரெண்டு சார். நேத்து ஓட்டத்துல பாதியிலேயே உக்காந்துட்டா. சொன்னது எதுவும் மண்டையில நிக்க மாட்டேங்குது.”

“என்னம்மா ஆச்சு உனக்கு?” அப்பா மகளைக் கேட்டார்.

அவள் டீச்சரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

“பழைய டிரைவர் மாமா வண்டிய நிறுத்தி எங்கள எல்லாம் தூங்க விடுவாரு மிஸ். யாராவது ஹாரன் அடிச்சா போய்த் திட்டுவாரு. இப்ப தூங்கவே முடியல.”

டீச்சர் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். “வீட்ல எத்தனை மணி நேரம் சார் தூங்குறா?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா டீச்சர்? தூங்கப் பழக்கி, பிள்ளையக் கெடுத்து வச்சதே அவன்தான்.”