நல்லமிளகு

“வீடியோ முடியுற வரைக்கும் யாரும் சத்தம் போடக் கூடாது. பத்து நிமிஷம். புரியுதா?” என்றார் சிவசங்கர்.

கேன்டீனில் வரிசையாக நின்ற நூற்றிருபது பெண்களும் தலையாட்டினார்கள்.

அவருக்குப் பின்னால் பேனர் தொங்கியது: ‘குளிர்கால எதிர்ப்புச் சக்தி வாரம்’. நெல்லிக்காய், இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு எல்லாம் ஆள் உயரத்துக்குப் பளபளத்தன.

சிவசங்கர் இந்த ஆலைக்கு ஹெச்.ஆர். ஆக வந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்படி ஒரு வாரம் கொண்டாடுவது அவருடைய யோசனை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் ஒரு நெல்லிக்காய் கொடுத்தார். சளி, இருமல் இருப்பவர்கள் கைதூக்கினால் இன்னொன்று உண்டு என்றார். பதினோரு பேர் தூக்கினார்கள்.

மறுநாள் காலை அந்தப் பதினோரு பேரின் அட்டைக்கும் கேட் திறக்கவில்லை. உடம்பு தேறட்டும், கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவளை அப்படித் திரும்பக் கூப்பிட்டதாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

செவ்வாயும் புதனும் ஒருத்திகூடக் கைதூக்கவில்லை.

அதனால்தான் இன்று கஷாயம். ஹாலிலேயே அடுப்பு வைத்துக் காய்ச்சுவதைப் படம்பிடிக்கிறார்களாம். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். வரிசைகளுக்கு நடுவே ஒப்பந்தக்காரரின் ஆள் காசிராஜன் பெயர்ப் பட்டியலோடு நடந்துகொண்டிருந்தான்.

வீடியோ எடுக்கப் பட்டியல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

முத்துச்செல்வி பக்கத்தில் நின்ற பூமாரியைப் பார்த்தாள். படப்பையில் ஒரே அறை இருவருக்கும். நான்கு நாளாகப் பூமாரி இருமலைத் தலையணையிலும் சட்டைக் கையிலும் அமுக்கி வைத்திருக்கிறாள். பத்து நிமிடம் எப்படித் தாங்குவாள்?

“மூக்கால மூச்சு விடுட்டீ,” என்றாள் முத்துச்செல்வி, உதடு அசையாமல்.

சிவசங்கர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

“தினமும் ரெண்டு பல் பூண்டு. ராத்திரி மஞ்சள் பால். காலைல கொஞ்ச நேரம் வெயில்ல நடங்க. உங்க உடம்பை நீங்கதான் பாத்துக்கணும்.”

முத்துச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறையில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. மூன்று வேளையும் இந்தக் கேன்டீன்தான். இங்கே என்ன போட வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிறவர்தான் அவளைப் பூண்டு தின்னச் சொல்கிறார். பனியில், கண்ணாடி உடைந்த பஸ்ஸில், விடியுமுன் ஏற்றிவந்து, இருட்டியபின் இறக்கிவிடுகிறவர்கள் வெயிலில் நடக்கச் சொல்கிறார்கள்.

“இப்ப நம்ம மாஸ்டர் மிளகை வாசம் வர வறுப்பார்,” என்றார் சிவசங்கர், திரும்பிப் பார்க்காமல்.

சமையல் மாஸ்டரை முத்துச்செல்வி முழுசாகப் பார்ப்பதே இன்றுதான். மூன்று மாதமாக அவள் பார்த்ததெல்லாம் சமையலறை ஜன்னலில் தெரியும் அவர் முதுகுதான்.

ஆறு நிமிடம் ஆகியிருக்கும். பூமாரியின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. தோள் ஒருமுறை குலுங்கியது.

காசிராஜன் நின்றான். பட்டியலைப் புரட்டினான். பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

முத்துச்செல்வி பூமாரியின் கையை இறுக்கிப் பிடித்தாள். தானே இருமிக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஊரில் அவள் அனுப்பும் பணத்தை நம்பித் தம்பி படிக்கிறான். இருமவில்லை. அப்படி ஒதுங்கிக்கொண்டதற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் அந்த நெடி வந்தது.

முதலில் இருமியது சிவசங்கர். ‘ஆரோக்கியமே’ என்று தொடங்கியவர் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. அடுத்து முதல் வரிசை. பிறகு நூற்றிருபது பேரும். கேமரா பிடித்தவர் கேமராவை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். காசிராஜன் பட்டியலால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்து குனிந்து இருமினான்.

பூமாரி வாயைத் திறந்து, நான்கு நாள் இருமலையும் இருமித் தீர்த்தாள்.

வாணலியில் ஒரு படி காய்ந்த மிளகாய் கருகிக்கொண்டிருந்தது.

“இன்னாய்யா போட்டே? மிளகு வறுக்கச் சொன்னா மொளகாய வறுக்கிறியா?” சிவசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

மாஸ்டர் கைகட்டி நின்றார்.

“மொளவுண்ணுதானே சார் சொன்னிய? எங்க ஊருல மொளவுண்ணா இதுதான். நீங்க சொல்லுயது நல்லமொளவு.”

“எந்த ஊருய்யா நீ?”

“நாகர்கோவில் பக்கம் சார்.”

“எங்கேருந்துதான் புடிச்சிட்டு வர்றானுங்களோ!”

காசிராஜன் எதுவும் குறிக்காத பட்டியலை நீட்டினான். யார் பெயருக்கு நேரே கோடு போடுவது? எல்லோருக்கும் போட்டால் மதியம் லைன் ஓடாது. சிவசங்கர் அதை வாங்கி நான்காகக் கிழித்தார். மணி அடித்தது. பெண்கள் இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் லைனுக்குக் கிளம்பினார்கள்.

முத்துச்செல்வி மட்டும் அடுப்பருகே நின்றாள்.

“அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கமா? இத்தன நாளு தெரியாமப் போச்சே.”

மாஸ்டர் அக்கம்பக்கம் பார்த்தார். வாணலியை இறக்கி வைத்தார்.

“நான் வடக்குப்பட்டும்மா. தோ, ரோட்டுக்கு அந்தாண்ட கீது எங்க வூடு. நாகர்கோயிலு எந்தத் திக்குன்னே எனக்குத் தெரியாது.”

“அப்ப அந்தப் பேச்சு?”

“செல்லக்கனின்னு ஒரு பொண்ணு, அதும் பேச்சுதான் அது. டெய்லி ஜன்னலாண்ட வந்து, ரசத்துல நல்லமொளவு போடலியா மாஸ்டர்னு நச்சரிச்சிகினே இருக்கும்.”

வாணலியில் தண்ணீர் ஊற்றினார். அது சீறி அடங்கியது.

“திங்கக்கிழமை மொத ஆளா கைதூக்குச்சு.”