பைசல்

தணிகைவேல் எழுந்து பல் துலக்கினான், குக்கரில் அரிசி வைத்து மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்தான், பிறகு சட்டைக்கு இஸ்திரி போட்டான். எதிர்வீட்டு மாடிப்படியின் கீழே மகளிர் குழு கூடியிருந்தது. செவ்வாய்தோறும் ஏழு மணிக்குக் கூட்டம். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போக முடியாது. இன்று கட்டாதவள் ரெஜினா.

“நம்ம கோமளாவ நெனச்சுப் பாரு ரெஜினா,” என்றாள் குழுத் தலைவி வசந்தி. “உசுரு போற நேரத்துலயும் ‘என் கடனைப் பைசல் பண்ணிடுங்க’ன்னுதான் புருஷன்கிட்ட சொல்லுச்சு.”

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவன் மனைவி கோமளா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலில் அவள் ‘கட்டிடுங்க’ என்று சொன்னதாகப் பேசினார்கள். பிறகு ‘அடைச்சிடுங்க’ ஆனது, போன வாரம் ‘தீர்த்துடுங்க’. இப்போது பைசல். அந்தச் சொல் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

பனியனோடு தெருவைக் கடந்தான்.

“அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க இருந்தீங்களா?”

“இல்ல தம்பி. நல்லதுக்குத்தான சொல்றோம். கோமளாவுக்கும் பெருமைதான?”

“செத்தவள வசூலுக்கு அனுப்புறீங்க. கூலி எவ்வளவு குடுக்குறீங்க?”

ரெஜினா தலையை நிமிர்த்தி, “அப்ப கோமளா என்னதான் சொல்லுச்சு அண்ணே?” என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்துச் சொன்னான்:

“‘பக்கத்துக் கட்டில்காரி என் சீப்ப வாங்குனா, இன்னும் தரல. கேட்டு வாங்கி வைங்க.’”